கருவியின் பெயரும் எண்ணும்

பெங்களூர் நகரச் சந்தைக்கு அண்மையில் எஸ்.பி. ரோடு என்றொரு தெரு உண்டு. கணிப்பொறி உறுப்புகளும் கம்பிகளும் மின்கலங்களும் குவிந்து கிடக்கும் தெரு அது. பழுதான மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே செல்லும் மாணவர் ஒவ்வொருவரையும் கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: "எந்த மாடல்?" நம்மவர் பெரும்பாலும் கூறும் மறுமொழியும் ஒன்றே: "கறுப்பு நிறம், மூன்று ஆண்டுக்கு முன் வாங்கியது."

மருத்துவரிடம் சென்று, "என் உறவினர் ஒருவருக்கு உடல்நலம் இல்லை, மருந்து கொடுங்கள்" என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நோயாளியின் அகவை என்ன, முன்பு என்ன நோய் இருந்தது, இப்போது உண்ணும் மருந்து எது என்பன அறியாமல் எந்த நல்ல மருத்துவரும் மருந்து எழுத மாட்டார். கருவிக்கும் அவ்வாறே. அடையாளம் தெரியாத கருவிக்குச் செய்யும் பழுதுநீக்கம் ஊகமேயன்றி வேறன்று. அந்த ஊகத்துக்குரிய செலவோ நம் பையிலிருந்து போகிறது.

ஆகவே, நம் கையிலுள்ள கணிப்பொறியும் கைப்பேசியும் தம்மைப்பற்றிக் கூறும் செய்திகள் யாவை, அவற்றை எங்கே காண்பது, எவ்வாறு சரிபார்ப்பது, யாரிடம் கூறுவது, யாரிடம் மறைப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதற்குப் பொறியியற் பட்டம் வேண்டா. பொறுமையும் ஒரு துண்டுத் தாளும் போதும்.

பூச்சியும் குறிப்பேடும்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'மார்க் 2' என்னும் பெருங் கணிப்பொறி சரிவர இயங்கவில்லை. அப்பொறியில் இக்காலத்துச் சில்லுகள் இல்லை. ஆயிரக்கணக்கான மின் தொடர்பிகள், அதாவது 'ரிலே'க்கள், இருந்தன. பொறியாளர் தேடிப் பார்த்தபோது ஒரு தொடர்பியில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினர். ஒட்டியதோடு நின்றார்களா? இல்லை. பிற்பகல் 3.45 மணி, எஃப் பலகை, 70ஆம் எண் தொடர்பி என்று நேரத்தையும் இடத்தையும் எண்ணோடு எழுதி வைத்தனர். அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழுதைப் 'பூச்சி' என்று அழைக்கும் வழக்கம் இந்நிகழ்ச்சியால் பிறந்தது என்பர் பலர். அது சரியன்று, எடிசன் காலத்திலேயே அவ்வழக்கு இருந்தது. இக்கதையில் நாம் போற்ற வேண்டியது பூச்சியை அன்று, குறிப்பேட்டையே ஆகும். 'பொறி ஓடவில்லை' என்று எழுதுவது புலம்பல். 'எஃப் பலகை, 70ஆம் தொடர்பி' என்று எழுதுவது அறிவியல்.

நான்கு வினாக்கள்

எந்தக் கருவியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு.

ஒன்று: இதைச் செய்தவர் யார், இது எந்த மாதிரி?
இரண்டு: அந்த மாதிரியில் வெளிவந்த பல்லாயிரம் கருவிகளுள் இது எது? அதாவது, இதன் தொடர் எண் என்ன?
மூன்று: உள்ளே இருக்கும் உறுப்புகள் யாவை?
நான்கு: இதில் ஓடும் மென்பொருள் எது, எந்தப் பதிப்பு?

முதல் வினாவுக்கு விளம்பரப் பெயர் விடையாகாது. 2021இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்21 என்னும் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் விற்ற அக்கருவியினுள் இருந்தது எக்சினோஸ் என்னும் சில்லு. அமெரிக்காவில் அதே பெயரில் விற்ற கருவியினுள் இருந்தது ஸ்னாப்டிராகன் என்னும் வேறொரு சில்லு. பெயர் ஒன்று; தோற்றம் ஒன்று; உள்ளம் வேறு. ஒன்றுக்குரிய மென்பொருளை மற்றொன்றில் ஏற்ற முயன்றால் கருவி பாழாகும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது மாதிரி எண் ஒன்றே.

கணிப்பொறியைக் கேட்போம்

மடிக்கணினியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறு சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் உண்டு. சீட்டு தேய்ந்து போயிருந்தால் கவலை வேண்டா, பொறியையே கேட்கலாம்.

விண்டோஸ் உள்ள பொறியில், விசைப்பலகையிலுள்ள விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு கட்டம் ஒன்று தோன்றும். அதில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்னும் ஆறு ஆங்கில எழுத்துகளையும், அவற்றை ஒட்டி 32 என்னும் எண்ணையும் இடைவெளியின்றி இட்டு 'என்டர்' தட்டுக. பொறியின் மாதிரி, செயலியின் பெயர், 'ரேம்' அளவு, பயாஸ் பதிப்பு, விண்டோஸ் பதிப்பு ஆகிய எல்லாம் ஒரே பக்கத்தில் விரியும். நான்கு வினாக்களுள் மூன்றுக்கு ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது. விண்டோஸ் பதிப்பைக் கட்டாயம் குறித்துக்கொள்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. 'முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லை' என்னும் முறையீடுகள் சிலவற்றின் வேர் இங்கே இருக்கக்கூடும்.

அடுத்து, 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பட்டியலைத் திறக்க. பொறியின் உறுப்புகள் யாவும் இங்கே வரிசையாக நிற்கும். நலமற்ற உறுப்பின் அருகில் மஞ்சள் நிறக் குறி இருக்கும். அதைத் திறந்தால் ஓர் எண் காணலாம். எண் 28 என்றால் அவ்வுறுப்புக்குரிய 'டிரைவர்' என்னும் இயக்கு நிரல் இல்லை என்று பொருள். எண் 10 என்றால் உறுப்பு தொடங்க இயலவில்லை என்று பொருள். எண் 43 என்றால் உறுப்பே தனக்குப் பழுது என்று அறிவித்துவிட்டது என்று பொருள். மூன்றும் மூன்று நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

அவ்விடத்திலேயே 'ஹார்டுவேர் ஐடி' என்னும் அடையாளமும் உண்டு. இது மிகப் பயனுள்ளது. செய்தவருக்கு நான்கு இலக்கம், உறுப்புக்கு நான்கு இலக்கம் என இரு பகுதிகள் இதில் இருக்கும். இன்டெல் நிறுவனத்தாரின் எண் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. பெற்ற பிள்ளையின் பெயரைத் தந்தை சூடிக்கொண்டது போன்ற வேடிக்கை இது! லினக்ஸ் பயன்படுத்துவோர் எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையால் இப்பட்டியலைப் பெறலாம்.

இவ்வெண்ணின் அருமையை நான் உணர்ந்தது எங்கள் ஆய்வுக்கூடத்தில். வெப்பநிலையை அளக்கும் பழைய கருவி ஒன்றைக் கணிப்பொறியோடு இணைக்கப் புதிய கம்பி ஒன்று வாங்கினோம். இணைத்தால் மஞ்சட்குறி, எண் 28. கம்பியோடு வந்த வட்டிலிருந்த நிரலை ஏற்றினோம், ஏற்கவில்லை. மீண்டும் ஏற்றினோம். இரண்டு நாள் இவ்வாறே கழிந்தன. குடுவையிலிருந்த திரவ நைட்ரசனோ எங்களுக்காகக் காத்திராமல் ஆவியாகிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தோம். உறையின்மேல் அச்சிட்டிருந்த சில்லு வேறு. உள்ளே இருந்த சில்லு வேறு! உள்ளிருந்த சில்லுக்குரிய நிரலைத் தேடி ஏற்றினோம். பத்து நிமிடத்தில் கருவி பேசிற்று. மேலுறை கூறுவதைவிட உறுப்பு தானே கூறுவதை நம்புக என்னும் பாடத்துக்கு நாங்கள் கொடுத்த கட்டணம் இரண்டு நாள்.

வேறு இரண்டு செய்திகளையும் கணிப்பொறியிடம் கேட்டறியலாம். முதலாவது, மின்கலத்தின் நலம். விண்டோசில் மின்கல அறிக்கை ஒன்றைப் பெற முடியும். செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் அளவு என இரண்டு எண்கள் அதில் இருக்கும். முன்னது 50,000, பின்னது 30,000 மில்லிவாட்-மணி என்று வைத்துக்கொண்டால், எஞ்சியிருப்பது 60 விழுக்காடு. 'சார்ஜ் நிற்கவில்லை' என்று புலம்புவதைவிட இவ்வெண்ணைச் சொல்வது மேல். தேவையின்றி மதர்போர்டைக் கழற்றுவதும் தவிரும். இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்கின் நலம். வட்டு தன்னைத் தானே கண்காணித்து எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' என்னும் பதிவேடு உண்டு. கெட்டுப்போனமையால் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அதில் 5ஆம் இலக்கத்தின்கீழ் இருக்கும். அவ்வெண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுமாயின் பழுதுபார்ப்பதைப் பற்றிப் பின்னர் நினைக்கலாம். ஆய்வேட்டை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைக்க.

கைப்பேசியைக் கேட்போம்

கைப்பேசியில் 'செட்டிங்ஸ்' பகுதியின் இறுதியில் 'தொலைபேசி பற்றி' என்னும் பக்கம் இருக்கும். மாதிரி எண், ஆண்ட்ராய்டு பதிப்பு, பாதுகாப்புத் திருத்தத்தின் நாள், கட்டமைப்பு எண் ஆகியவை அதில் உள்ளன. 'வங்கிச் செயலி திறக்கவில்லை' என்று ஊரிலிருந்து வீட்டார் அழைக்கும்போது, முதலில் இப்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு மிகப் பழையதாயின் பல செயலிகள் மறுத்துவிடும். விடை அங்கேயே கிடைத்துவிடும்; அவர்கள் கடைக்கு அலைய வேண்டா.

விடுதி மாணவர்க்கு ஒரு குறிப்பு. வலைப்பின்னலில் சேர ஒவ்வொரு கருவிக்கும் 'மேக்' முகவரி என்னும் எண் உண்டு. 48 இருமக்கூறுகள் கொண்ட அதன் முற்பாதி செய்தவரைக் குறிப்பது. சில விடுதிகளில் இம்முகவரியைப் பதிவு செய்தால்தான் இணையம் கிடைக்கும். ஆனால் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐபோனின் 14ஆம் பதிப்பு முதலும், கைப்பேசிகள் தம் உண்மை முகவரியை மறைத்து, வலைப்பின்னலுக்கு ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. ஆகவே, பதிவு செய்த முகவரி ஒன்றாகவும் கருவி காட்டும் முகவரி வேறாகவும் போய்விடுகிறது. 'இணையம் வரவில்லை' என்று நண்பர் ஒருவர் முறையிட்டால், அவர் பதிந்தது எந்த முகவரி என்று கேளுங்கள். காட்டும் முகவரியைப் பதிந்தால் சிக்கல் தீரும்.

பதினைந்து இலக்கம்

இனி, கைப்பேசியின் தலையாய அடையாளத்துக்கு வருவோம். எண்களை அழுத்தும் பக்கத்தில் *#06# என்று இடுக. பதினைந்து இலக்கமுள்ள எண் ஒன்று தோன்றும். இரண்டு சிம் உள்ள கருவியில் இரண்டு எண்கள் தோன்றும். ஐ.எம்.இ.ஐ. எண் என்பது இதுவே. முதல் எட்டு இலக்கம் மாதிரியையும், அடுத்த ஆறு அம்மாதிரியுள் இக்கருவியையும் குறிக்கும். பதினைந்தாவது இலக்கம் எதையும் குறிப்பதன்று. அது காவல் இலக்கம். முன்னுள்ள பதினான்கும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சோதிப்பதே அதன் பணி.

இச்சோதனை முறையை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன். 1954இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1960இல் வழங்கப்பெற்றது. பள்ளிச் சிறுவரும் செய்யத்தக்க கணக்கு இது. எடுத்துக்காட்டுக்காக வழங்கும் ஓர் எண்ணைக் கொண்டு செய்து பார்ப்போம்:

490154203237518

ஒற்றைப்படை இடங்களில், அதாவது 1, 3, 5 முதலாக 13 ஈறாக உள்ள இடங்களில், நிற்பவை 4, 0, 5, 2, 3, 3, 5. இவற்றின் கூட்டுத்தொகை 22.

இரட்டைப்படை இடங்களில், 2 முதல் 14 வரை, நிற்பவை 9, 1, 4, 0, 2, 7, 1. இவற்றை இரட்டிக்க வேண்டும்: 18, 2, 8, 0, 4, 14, 2. ஈரிலக்கமாக வந்தவற்றின் இலக்கங்களைக் கூட்டி ஒன்றாக்குக: 18 என்பது 9 ஆகும், 14 என்பது 5 ஆகும். இப்போது 9, 2, 8, 0, 4, 5, 2. இவற்றின் கூட்டுத்தொகை 30.

இரண்டையும் கூட்ட 52. இதனோடு எதைச் சேர்த்தால் பத்தின் மடங்கு வரும்? எட்டைச் சேர்த்தால் 60 வரும். பதினைந்தாம் இலக்கத்தைப் பாருங்கள், அது எட்டே! எண் செம்மையானது.

எந்த ஓர் இலக்கம் மட்டும் தவறினாலும் இக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். 0, 9 என்னும் இரண்டும் தமக்குள் இடம் மாறினால் மட்டும் கண்டுபிடிக்காது. காரணம் என்ன? 9ஐ இரட்டித்துச் சுருக்கினாலும் 9 தான். 0ஐ இரட்டித்தாலும் 0 தான்.

ஒரு நிகழ்ச்சி

இக்கணக்கு வெறும் விளையாட்டன்று. எங்கள் விடுதிச் சமையற்கூடத்தில் பணியாற்றும் அண்ணன் ஒருவர் உள்ளார், தருமபுரிப் பக்கத்தவர். ஓராண்டுக்கு முன் பேருந்து நிலையக் கூட்டத்தில் அவர் கைப்பேசி களவு போயிற்று. மாதச் சம்பளம் வருவதும், அதில் பாதி ஊருக்குச் செல்வதும் அக்கருவியின் வழியாகவே. முதலில் சிம்மையும் வங்கிக் கணக்கையும் முடக்கினோம். பின்னர் காவல் நிலையத்துக்கு முறையீடு எழுத உட்கார்ந்தோம். "ஐ.எம்.இ.ஐ. எண் என்ன, அண்ணா?" என்று கேட்டேன். "அது போனுக்குள்ள இருக்கும் தம்பி, போன்தான் இல்லையே" என்றார்.

கருவியின் எண்ணைக் கருவிக்குள் மட்டுமே வைப்பது, பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டுவதை ஒக்கும். நற்பேறாக, கைப்பேசி வந்த அட்டைப்பெட்டி ஊரில் இருந்தது. அதில் வீட்டார் ஊசி நூல் போட்டு வைத்திருந்தனராம். என் கைப்பேசியிலிருந்து அழைத்தோம். நான்காம் வகுப்பில் பயிலும் அவர் மகள், பெட்டியின் பக்கத்திலுள்ள சீட்டைப் படிக்க, நான் எழுதினேன். எழுதி முடித்துக் கணக்கிட்டுப் பார்த்தால் காவல் இலக்கம் ஒத்துவரவில்லை. "கண்ணு, இன்னொரு தடவை மெதுவாப் படிம்மா" என்றேன். அழுக்கேறிய சீட்டில் அவள் ஏழு என்று படித்தது உண்மையில் ஒன்று. திருத்தியபின் கணக்கு ஒத்தது. அந்த ஓரிலக்கம் தவறியிருந்தால் முறையீடு வேறெந்தக் கருவியையோ குறித்திருக்கும். அல்லது எந்தக் கருவியையும் குறிக்காமல் போயிருக்கும்.

முறையீட்டின் படியோடு அவ்வெண்ணை நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிந்தோம். 2023 மே 16ஆம் நாள் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது அத்தளம். அங்கே பதிந்த கருவி இந்தியாவின் எந்த வலைப்பின்னலிலும் இயங்காதவாறு தடுக்கப்படும். அண்ணனின் கைப்பேசி இன்னும் திரும்பவில்லை. எனினும், "என்னுது எவனுக்கும் ஆகாது" என்று அவர் ஆறுதலோடு கூறினார். புதிய கருவி வாங்கிய அன்று, அதன் எண்ணைச் சமையற்கூடச் சுவரிலுள்ள நாட்காட்டியின் பின்புறம் எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்.

பழைய கைப்பேசி வாங்குவோர்க்கும் இவ்வெண்ணே காவல். கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டுப் பதினைந்து இலக்கங்களையும் இட்டு 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புக. கருவியின் மாதிரியும் நிலையும் மறுமொழியாக வரும். கையிலுள்ள கருவியும் மறுமொழி கூறும் மாதிரியும் ஒவ்வாவிடில் வாங்கற்க. இவ்வெண்ணை மாற்றி எழுதுவது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும், 50 இலட்சம் உருபா வரை தண்டமும் பெறத்தக்க குற்றமாகும்.

யாரிடம் கூறலாகாது?

கருவியின் எண்ணைக் கொண்டே ஏமாற்றுவோரும் உளர். "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது, நாங்கள் நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்" என்று தொலைபேசியில் ஒருவர் அழைப்பார். "நம்பவில்லையா? உங்கள் பொறியின் தனி எண்ணை நானே சொல்கிறேன்" என்பார். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை இடச் சொல்லி, 888 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றைப் படித்துக் காட்டுவார். நம் திரையிலும் அதே எண் நிற்கும். வியந்து நம்பிவிடுவோம். உண்மை யாதெனில், அது விண்டோசில் ஒரு கோப்பு வகையைக் குறிக்கும் எண். உலகிலுள்ள விண்டோஸ் பொறிகளிலெல்லாம் அதே எண்தான். "உமக்கு இரண்டு கண்கள் உள்ளன" என்று சோதிடம் கூறுவதைப் போன்றது இது.

ஆகவே, ஒரு வரையறை கொள்வோம். மாதிரி எண்ணையும் பிழை எண்ணையும் யாரிடமும் கூறலாம். தொடர் எண்ணையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும், நாமே தேடிச் சென்ற கடைக்காரர், நிறுவனத்தார், காவல்துறையினர் ஆகியோரிடம் மட்டும் கூறலாம். படம் பிடித்துப் பலர் காண இடலாகாது. கடவுச்சொல்லையும் ஒருமுறை வரும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் கூறலாகாது. பழுதுபார்க்க அவை தேவை என்பவர் பழுதுபார்ப்பவர் அல்லர். ஏமாந்து பணம் இழந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க.

இன்றே எழுதுக

படித்து முடித்ததும் தாள் ஒன்றை எடுங்கள். கருவியின் மாதிரி எண், தொடர் எண், கைப்பேசியாயின் ஐ.எம்.இ.ஐ. எண்கள், மென்பொருட் பதிப்பு, வாங்கிய நாள் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். காவல் இலக்கத்தைக் கணக்கிட்டுச் சரிபாருங்கள். ஒரு படியைப் பெட்டியிலும், ஒரு படியை ஊரிலுள்ள வீட்டிலும் வையுங்கள். பழுது நேரும்போது பிழை எண்ணையும், அதற்குச் சற்றுமுன் நீங்கள் செய்தது என்ன என்பதையும் அத்தாளில் சேர்த்தெழுதிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பிற மாநிலத்தில் வந்து பயிலும் நமக்கு இத்தாளால் மற்றொரு நன்மையும் உண்டு. இந்நகருக்கு வந்த புதிதில் எனக்குக் கன்னடம் தெரியாது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. பழுதை விளக்க இருவரும் பட்ட பாடு பெரிது. இப்போது தாளை நீட்டுகிறேன். அவர் படித்துவிட்டுத் தலையசைத்து, உரிய உறுப்பை எடுத்து வைக்கிறார். எண்ணுக்கு மொழி வேறுபாடு இல்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அம்மாவின் கைப்பேசியில் *#06# என்று அழுத்தி, அந்த எண்ணையும் எழுதிவிட்டு வாருங்கள்.